புள்ளடி எங்கே போட்டீர்கள்?

போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அமெரிக்காவில் ஒரு நகரத்தில் ஐயாயிரத்துச் சொச்சம் பேர் வேட்பாளரின் பெயரைத் தங்கள் கையாலேயே எழுதியும் அந்த வாக்குகள் எண்ணப்படவில்லை, மேயர் பதவியே அவர் கை நழுவிப்போனது என்று. அவ்வளவுதான். அதற்கு வந்த கடிதங்களால் எங்கள் விறாந்தை மேசையில் பிளேன்டீ கோப்பை வைக்க இடமில்லை. ஓய்வூதியக் கணக்கு, காணி உறுதி, மருமகளின் சமையல் பற்றிய கேள்விகள் எல்லாம் அடுத்த கிழமை வரை பொறுக்கட்டும். இந்தமுறை மேயர்மார் மட்டும்.

புதிதாக வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் கச்சேரியில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞனாக இருந்தவன். தேர்தல் வந்தால் வாக்கெண்ணும் மேசை என்னை விடாது. அந்தப் பழக்கத்தில்தான் பேசுகிறேன். அமெரிக்கா போனதில்லை.

எஸ். கே., வெள்ளவத்தை: அந்தக் கதையை ஒரு வரியில் முடித்துவிட்டீர்களே, யார் அந்த வேட்பாளர்? பெயரை எழுதியது போதாதா?

நகரம் சான் டியேகோ, கலிபோர்னியாவில் இருக்கிறது. நாள் 2004 நவம்பர் 2. பதவியில் இருந்த மேயர் டிக் மர்பி. அவரை எதிர்த்து நின்றவர் ரொன் ரொபர்ட்ஸ். இரண்டு பேரும் குடியரசுக் கட்சிக்காரர். அப்போது நகர ஊழியர்களின் ஓய்வூதிய நிதியில் நூறு கோடி டொலருக்கு மேல் ஓட்டை. 'கடலோர என்ரான்' என்று அந்த ஊரைப் பத்திரிகை கேலி செய்தது. என்ரான் என்பது கணக்கில் பொய் எழுதி 2001 இல் கவிழ்ந்த பெரிய நிறுவனம். ஓய்வூதியத்தில் ஒருவர் கை வைத்தால் இங்கே இருக்கிற எனக்கே பற்றிக்கொண்டு வரும், அந்த ஊர்க்காரருக்கு வராதா?

தேர்தலுக்கு ஐந்து கிழமை இருக்கும்போது டொனா ஃப்ரை என்ற நகரசபை உறுப்பினர் "நானும் வருகிறேன்" என்றார். ஜனநாயகக் கட்சிக்காரி. கணவனும் மனைவியுமாக அலைச்சறுக்குப் பலகைக் கடை வைத்திருந்தவர்கள். நம் அறுகம்பேயில் வெள்ளைக்காரர் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரிவார்களே, அந்தப் பலகை. ஓய்வூதிய நிதிக்குப் பணம் குறைத்துப் போடலாம் என்று 2002 இல் சபை முடிவெடுத்தபோது எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவர்தான். அதனால் ஊரில் நல்ல பெயர். ஆனால் வாக்குச்சீட்டில் பெயர் இல்லை. அமெரிக்காவில் பல இடங்களில் சீட்டின் கீழே ஒரு வெற்றுக்கோடு விட்டிருப்பார்கள். அச்சடித்த யாரையும் பிடிக்காவிட்டால், நீங்கள் விரும்பும் ஆளின் பெயரை அதில் எழுதலாம்.

எழுதினால் மட்டும் போதாது என்பதில்தான் வந்தது வினை. பெயருக்குப் பக்கத்தில் முட்டை வடிவில் ஒரு சின்ன வட்டம் இருக்கும், அதையும் கறுப்பாக்க வேண்டும். சீட்டை முதலில் வாசிப்பது இயந்திரம். வட்டம் கறுத்திருந்தால் "இங்கே ஏதோ எழுதியிருக்கிறது" என்று அது எடுத்து வைக்கும். வட்டம் வெள்ளையாக இருந்தால் பக்கத்தில் பெயரை எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் அதன் கண்ணில் படாது.

மூன்று பேருமே மூன்றில் ஒரு பங்கைச் சுற்றித்தான் எடுத்தார்கள். கடைசியில் மர்பி 2,108 வாக்குகளால் வென்றதாக அறிவித்தார்கள். பிறகு சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தால், ஃப்ரையின் பெயர் எழுதியும் வட்டம் கறுக்காத சீட்டுகள் 5,551. எண்ணியிருந்தால் மேயர் அவர்தான். வழக்குப் போனது. வட்டத்தை நிரப்ப வேண்டும் என்று சட்டத்தில் எழுதியிருக்கிறது, நிரப்பவில்லை, ஆகவே வாக்கு இல்லை என்று தீர்ப்பு.

எனக்கு இந்த இடத்தில் தொண்ணூறுகளில் நடந்த ஒன்று ஞாபகம் வருகிறது. பொரளைப் பக்கம் ஒரு பாடசாலை மண்டபம், விடியப்புறம் மூன்று மணி இருக்கும், எல்லாருக்கும் கண் எரிகிறது. ஒரு சீட்டு வந்தது. சின்னத்துக்கு எதிரே இருக்கும் கட்டம் வெறுமை. ஆனால் யானைச் சின்னத்தின் முதுகில் நேராக, அழகாக, ஒரு புள்ளடி. கட்சி முகவர்கள் இரண்டு பக்கமும் எழும்பி நின்றுவிட்டார்கள். ஒருவர் "எண்ணு" என்கிறார், மற்றவர் "தள்ளு" என்கிறார். எங்கள் மேலதிகாரி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், சீட்டை விளக்குக்கு நேரே பிடித்தார். "இந்த மனுசன் யானையில் ஏறத்தான் பார்த்திருக்கிறார், ஏற விடுங்கள்" என்றார். மண்டபமே சிரித்தது, 'தள்ளு' என்றவரும் சிரித்தார். எண்ணினோம்.

வாக்காளரின் எண்ணம் தெளிவாகத் தெரிந்தால் எண்ணு என்பதுதான் எங்களுக்குச் சொல்லித் தந்த பாடம். சான் டியேகோவில் பெயரையே எழுதியிருக்கிறார்கள், அதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் என்ன சொல்ல முடியும்? சட்டத்தை எழுத்துக்கு எழுத்துப் பார்த்தால் தீர்ப்புச் சரி என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்த 5,551 சீட்டையும் நூல் கட்டிப் பெட்டியில் போட என் கை வந்திருக்காது.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மர்பி அடுத்த ஏப்ரலிலேயே பதவி விலகப் போவதாக அறிவித்து, 2005 ஜூலையில் போய்விட்டார். மறுபடி தேர்தல். இந்தமுறை ஃப்ரையின் பெயர் சீட்டில் ஒழுங்காக அச்சாகியிருந்தது. நவம்பரில் நடந்த இறுதிச் சுற்றில் ஜெரி சாண்டர்ஸ் என்பவரிடம் தோற்றார்.

ஒரு ஓய்வுபெற்ற ரீச்சர், தெஹிவளை: சீட்டில் பெயரே இல்லாதவருக்கு இத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பதை நம்ப முடியவில்லை. நம் நாட்டில் இது நடக்குமா?

பெயரை எழுதிப் போடும் முறை நம்மிடம் இல்லை ரீச்சர். எழுதினால் சீட்டு நிராகரிக்கப்பட்ட கட்டுக்குப் போகும்.

ஆனால் கிட்டத்தட்ட அதே விளையாட்டைக் கொழும்பு 2006 இல் விளையாடியது, மறந்துவிட்டீர்களா? மாநகர சபைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சியின் வேட்புமனு நிராகரிக்கப்பட்டது. பரம்பரை பரம்பரையாக அவர்கள் கையில் இருந்த சபை, தேர்தலில் அவர்களே இல்லை. உடனே மூக்குக்கண்ணாடிச் சின்னத்தில் கேட்ட ஒரு சுயேச்சைக் குழுவைக் காட்டி "இதற்குப் போடுங்கள்" என்றார்கள். எங்கள் கொட்டாஞ்சேனைச் சுவரெல்லாம் ஒரே இரவில் கண்ணாடி முளைத்தது. பக்கத்து வீட்டுக் கிழவி, கண் பரிசோதனை முகாம் என்று நினைத்து என்னிடம் நேரம் கேட்டார். அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று வாக்களித்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. கண்ணாடி வென்றது. ஓட்டோ ஓட்டிக்கொண்டிருந்த உவைஸ் முகமட் இம்தியாஸ் கொழும்பு மேயரானார். பிறகு நடந்த இழுபறி தனிக்கதை.

சனம் போட வேண்டும் என்று தீர்மானித்துவிட்டால் சீட்டில் எங்கே இருந்தாலும் தேடிக் கண்டுபிடிக்கும். சான் டியேகோவிலும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆட்கள் பெயரும் எழுதி வட்டமும் கறுத்து ஒழுங்காகத்தான் போட்டார்கள். மறந்தவர்கள் அவர்களோடு ஒப்பிட்டால் ஒரு சின்னப் பங்கு.

அ. நி., மட்டக்குளி: "ஒரு வாக்கால் என்ன ஆகப்போகிறது" என்று மகன் தேர்தல் நாளில் நித்திரை கொள்கிறான். அமெரிக்க உதாரணம் சொன்னால் கேட்பான். ஒன்று தாருங்கள்.

பர்லிங்டன், வெர்மொண்ட் மாநிலம், 1981 மார்ச். நம் ஒரு பிரதேச சபை அளவு ஊர், ஜனத்தொகை நாற்பதாயிரத்துக்கும் கீழே. ஐந்து முறை மேயராக இருந்த கோர்டன் பக்கெற்றை, கட்சி எதுவும் இல்லாமல் எதிர்த்தவர் பெர்னி சாண்டர்ஸ். அதற்கு முன் மாநில அளவில் நான்கு தேர்தலில் நின்று நான்கிலும் தோற்றவர். மறுபடி எண்ணி முடித்தபோது வித்தியாசம் பத்து வாக்கு. பத்தே பத்து. ஒரு ஓட்டோவில் மூன்று பேர் என்றால் நான்கு ஓட்டோக்கூட நிரம்பாது. அங்கே தொடங்கியவர் காங்கிரஸுக்குப் போய், செனட்டுக்குப் போய், 2016 இலும் 2020 இலும் ஜனாதிபதி வேட்பாளர் நியமனத்துக்கே போட்டியிட்டார்.

மற்றப் பக்கத்தையும் மகனுக்குச் சொல்லுங்கள். அட்லாண்டா நகரத்தில் மேரி நோர்வூட் என்பவர் 2009 இல் காசிம் ரீடிடம் 714 வாக்குகளால் தோற்றார். எட்டு வருடம் பொறுத்து 2017 இல் மறுபடி நின்றார். அப்போது கெய்ஷா லான்ஸ் பொட்டம்ஸிடம் தோற்றார், அதுவும் ஆயிரத்துக்குக் குறைவான வாக்குகளால். இரண்டு தரம் கை நுனி வரை வந்து நழுவியது. அந்த அம்மா இப்போதும் இரவில் எத்தனை கதவைத் தட்டாமல் விட்டோம் என்று எண்ணிக்கொண்டு படுப்பார் என்றே நினைக்கிறேன்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். தனி ஒரு வாக்கு மேயரைத் தீர்மானிப்பது மிக அரிது. எத்தனையோ ஆயிரம் சீட்டை எண்ணிய எனக்கு அது தெரியும், உங்கள் மகனுக்கும் தெரியும். அதைச் சொல்லி எழுப்பாதீர்கள். "எழும்பு, என்னை ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போ" என்று சொல்லுங்கள். கூட வந்தவன் வரிசையில் நிற்காமலா போவான்?

ஒரு கல்லூரி மாணவி, கொள்ளுப்பிட்டி: முதல் எண்ணிக்கையில் முன்னுக்கு நின்றவர் கடைசியில் தோற்பது நியாயமா ஐயா? ஓக்லண்டில் அப்படி நடந்ததாக வாசித்தேன்.

நடந்தது மகள், கலிபோர்னியாவில் இருக்கிற ஓக்லண்டில், 2010 மேயர் தேர்தலில். பத்து வேட்பாளர்கள். டொன் பெராட்டா என்ற பழம் பெரும் அரசியல்வாதிக்கு முதல் விருப்பில் ஏறக்குறைய 34 வீதம், ஜீன் குவானுக்கு 24 வீதம் சொச்சம். பத்து வீதம் பின்னால். அங்கே ஒருவர் மூன்று பேரை வரிசைப்படுத்தலாம். யாருக்கும் பாதி கிடைக்காவிட்டால் கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளில் அடுத்த விருப்பு யாருக்கோ அவருக்குச் சேர்ப்பார்கள். இப்படி ஒவ்வொருவராக நீக்கிக்கொண்டு வருவார்கள். குவான் வேறு வேட்பாளர்களின் ஆதரவாளரிடமும் போய் "என்னை இரண்டாவதாகவாவது போடுங்கள்" என்று வெட்கப்படாமல் கேட்டார். மூன்றாவதாக நின்ற ரெபெக்கா கப்லான் நீக்கப்பட்டதும் அவருடைய சீட்டுகளில் பெரும்பகுதி குவான் பக்கம் சாய்ந்தது. முடிவு 51 இற்கு 49. பெராட்டா இரண்டாவது.

நியாயமா என்று கேட்டால், என் மனைவி என்னைச் சந்தைக்கு அனுப்பும் முறைதான் இது. "பாரை வாங்குங்கள், இல்லாவிட்டால் சூரை, அதுவும் இல்லாவிட்டால் நெத்தலி." பாரை இல்லாமல் சூரையோடு வந்தால் என்னை யாரும் ஏமாற்றுக்காரன் என்று சொல்வதில்லை.

இதில் வேடிக்கை, இந்த உரிமை நம்மிடமும் இருக்கிறது, நாம்தான் அதை இறாக்கையில் வைத்திருக்கிறோம். ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று போடலாம். 1982 முதல் அந்த ஏற்பாடு உண்டு. ஆனால் 2024 செப்டம்பரில்தான் முதல் தடவையாக இரண்டாவது எண்ணிக்கைக்குப் போக வேண்டி வந்தது. அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 வீதம், சஜித் பிரேமதாசவுக்கு 32.76 வீதம், பாதியைத் தாண்டியவர் இல்லை. நம் முறையில் ஒவ்வொருவராக நீக்குவதில்லை. முதல் இருவரைத் தவிர மற்ற எல்லாரையும் ஒரேயடியாக நீக்கி, அவர்களுடைய சீட்டுகளில் இந்த இருவருக்கும் விருப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நீக்கப்பட்டவர்களின் சீட்டு முப்பது லட்சத்துக்கு மேல். அதில் இருவருக்குமாகச் சேர்ந்தது மூன்று லட்சம்கூட இல்லை. மற்றவர்களில் அநேகர் ஒரு புள்ளடியோடு நிறுத்திவிட்டார்கள். ஓக்லண்டில் ஒரு பதவியைப் புரட்டிப்போட்ட ஆயுதம், இங்கே உறையைக் கழற்றாமலே கிடந்தது.

அன்று ராத்திரி நான் தொலைக்காட்சியை அணைக்கவில்லை. இத்தனை வருடம் பயிற்சி வகுப்பில் மட்டும் கேட்ட விஷயம் கண்ணுக்கு முன்னால் நடந்தால் எப்படி அணைப்பது?

ப. ர., ஆமர் வீதி: எல்லாவற்றையும் கணினியிடம் கொடுத்தால் பிழையே வராது அல்லவா?

நியூயோர்க்கில் 2021 ஜூன், ஜனநாயகக் கட்சியின் மேயர் வேட்பாளரைத் தெரிவுசெய்யும் தேர்தல். தேர்தல் சபை ஒரு நாள் மாலை முடிவை வெளியிட்டது. சில மணி நேரத்தில் திரும்ப எடுத்தது. ஏனென்றால் மென்பொருளைப் பரீட்சித்துப் பார்க்கப் போட்ட 135,000 மாதிரி வாக்குகளை அழிக்காமல் அவற்றையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள். கடைசியில் எரிக் அடம்ஸ், காத்ரின் கார்சியாவை 7,197 வாக்குகளால் வென்றார். கணினி பிழை விடவில்லை தம்பி, கொடுத்ததை எண்ணியது.

பெயர் வேண்டாம், மாளிகாவத்தை: இறந்தவர்கள் வந்து வாக்களிப்பது நம் நாட்டின் தனிச்சிறப்பா?

மயாமிக்காரர் கோபிப்பார்கள். 1997 மேயர் தேர்தலில் அங்கே இறந்தவர் ஒருவரின் பெயரிலும் வாக்கு வந்தது. தபாலில் வந்த வாக்குகளில் அவ்வளவு மோசடி. ஜோ கரோயோவைத் தோற்கடித்து சேவியர் சுவாரெஸ் பதவியேற்றார். மேன்முறையீட்டு நீதிமன்றம் 1998 மார்ச்சில் தபாலில் வந்தவற்றை நல்லது கெட்டது பாராமல் மொத்தமாகத் தள்ளிவிட்டு, கரோயோவை மேயராக்கியது. நேர்மையாகத் தபாலில் போட்ட உயிருள்ளவர்களின் வாக்கும் அதோடு போனது. எனக்குக் கவலை அவர்களைப் பற்றித்தான்.

ம. தி., கொட்டாஞ்சேனை: இனம் பார்த்து வாக்களிப்பதை அமெரிக்கர்கள் விட்டுவிட்டார்கள், நாம்தான் திருந்தவில்லை என்று நண்பர் வாதிடுகிறார்.

உங்கள் நண்பரிடம் சிக்காகோ, 1983 என்று மட்டும் சொல்லுங்கள். 1927 இற்குப் பிறகு குடியரசுக் கட்சி மேயர் ஒருவரைக்கூடத் தெரிவுசெய்யாத நகரம் அது. அங்கே ஜனநாயகக் கட்சியின் உள்தேர்தலில் வென்றாலே நாற்காலி கிடைத்த மாதிரி. அந்த வருடம் உள்தேர்தலில் பதவியில் இருந்த ஜேன் பேர்னும், பழைய மேயரின் மகன் ரிச்சர்ட் டேலியும் வாக்கைப் பிரித்துக்கொள்ள, ஹரல்ட் வொஷிங்டன் என்ற கறுப்பினத்தவர் வென்றார். அவ்வளவுதான், ஏப்ரலில் அரைவாசி நகரம் கட்சியை மறந்தது. குடியரசுக் கட்சியின் பேர்னார்ட் எப்டனுக்காக ஓடிய விளம்பரம் "காலம் கடந்துபோகும் முன்" என்றது. எதற்கு முன் என்று ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை. எல்லாருக்கும் விளங்கியது. அப்படியும் வொஷிங்டன் 51.7 வீதத்தோடு தப்பினார், முதல் கறுப்பின மேயரானார். இன்னொரு காலம் என்றால் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் நித்திரையிலேயே வென்றிருப்பார்.

வென்றும் நிம்மதி இல்லை. நகரசபையில் ஐம்பது பேர், இருபத்தொன்பது பேர் எதிரே, இருபத்தொருவர் மட்டும் அவர் பக்கம். அவர் முன்மொழிவதை அவர்கள் மறிப்பார்கள், அவர்கள் நிறைவேற்றுவதை அவர் தன் அதிகாரத்தால் மறிப்பார். மூன்று வருடம் இப்படி. நீதிமன்றம் வட்டார எல்லைகளை மாற்றச் சொல்லி 1986 இல் சில வட்டாரங்களில் மறுதேர்தல் நடந்த பிறகே 25 இற்கு 25 ஆகி, மேயரின் வாக்கோடு வண்டி நகர்ந்தது. 1987 இல் மறுபடி வென்றார். அந்த நவம்பரிலேயே நகர மண்டபத்தில் தன் மேசையிலேயே சரிந்து இறந்துபோனார்.

நம் கொழும்பு நகர மண்டபத்திலும் எண்ணிக்கை விளையாட்டுத்தான். 2025 மே தேர்தலில் 117 ஆசனத்தில் தேசிய மக்கள் சக்திக்கு 48. முதலிடம்தான், ஆனால் பாதி இல்லை. ஜூன் 16 அன்று மேயருக்கான இரகசிய வாக்கெடுப்பில் அவர்களுடைய விராய் கெலீ பல்தசார் 61, எதிர்த்து நின்ற ரிஸா சரூக் 54. நாங்கள் வட்டாரத்துக்குப் புள்ளடி போட்டோம், மேயரை உறுப்பினர்கள் உள்ளே தெரிவுசெய்துகொண்டார்கள். சிக்காகோக்காரர் மேயரைத் தாங்களே நேராகத் தெரிந்தார்கள், பிறகு சபை அவரை வேலை செய்ய விடவில்லை. இரண்டில் எது தேவலை என்று என்னைக் கேட்டால், நேராகத் தெரிவதற்கே என் வாக்கு. திட்டுவதற்கு ஆளாவது தெளிவாக இருக்கும்.

செ. வ., பம்பலப்பிட்டி: இத்தனை சீட்டை எண்ணியவர் நீங்கள். உங்கள் வாக்கு எப்போதாவது நிராகரிக்கப்பட்டிருக்கிறதா?

அது எனக்கு எப்படித் தெரியும்? பெட்டிக்குள் விழுந்த பிறகு அது என்னுடையது என்று சொல்ல அதில் எதுவும் இருக்கக்கூடாது, இருந்தாலே தள்ள வேண்டும் என்பதுதானே விதி. 2024 ஜனாதிபதித் தேர்தலில் நிராகரித்த சீட்டுகள் மூன்று லட்சம். அந்த மூன்று லட்சம் பேரும் இன்றுவரை தாங்கள் ஒழுங்காக வாக்களித்ததாகவே நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதில் நானும் ஒருவனாக இருக்கலாம், நீங்களும் இருக்கலாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மனைவியிடம் கேட்டேன், "அந்தமுறை நீ 1, 2, 3 போட்டாயா, சும்மா புள்ளடியா?" என்று. கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "கச்சேரியில் முப்பத்தொரு வருடம் இருந்தும் இரகசிய வாக்கு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.